பெயரா, மதிப்பா? – பைத்தான் மொழியில் ஒரு சோதனை

கணினி நிரலில் பாதி வேலை 'இது இப்படியிருந்தால் அதைச் செய், அப்படியிருந்தால் இதைச் செய்' என்பதுதான். 2021 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.10, இதற்கென்றே 'மேட்ச்–கேஸ்' என்ற வாக்கிய அமைப்பைத் தந்தது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஒவ்வோர் அறையின் சீட்டாகப் பார்த்து, முதலில் பொருந்தும் அறையில் கடிதத்தைப் போடுவார்கள். அத்தோடு சரி.

சிக்கல் அந்தச் சீட்டில்தான். 'ரத்து' என்ற பெயரில் 3 என்ற எண்ணை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதில்லை!) 'கேஸ் ரத்து' என்று எழுதினால், வந்த மதிப்பு 3-ஆ என்று பார்க்கும் என்றுதானே நினைப்போம்? பார்க்காது. எது வந்தாலும் வாங்கி, 'ரத்து' என்ற பெயரிலேயே போட்டுக்கொள்ளும். பழைய 3 போயே போச்சு. உறுதியான ரயில் டிக்கெட்டும் ரத்துக் கணக்கில் ஏறிவிடும்.

பார்சர் எனப்படும் பகுதி இலக்கணத்தை மட்டும் பார்ப்பது. இலக்கணப்படி இதில் குற்றமில்லை. அடுத்த கட்டமான கம்பைலர்தான், 'இந்தப் பெயர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கீழே உள்ளவற்றுக்கு வேலையே வராது' என்று பிழை காட்டி நிறுத்தும். ஆனால் அதே சீட்டு கடைசியில் இருந்தால் வாயே திறக்காது. ஏனென்றால் கடைசியில் 'மற்றதெல்லாம்' என்று ஓர் அறை வைப்பது நியாயமான வழக்கம். 'நிலை.ரத்து' என்று நடுவில் புள்ளி வைத்த பெயராக எழுதினால்தான் ஒப்பிடும். என்னைக் கேட்டால், இதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மற்றதைச் சொல்லித்தர வேண்டும்.

இன்னொரு வாசலும் உண்டு. பார்சர் உண்டாக்கும் மரவடிவத்தை நாமே கட்டி, நேரே கம்பைலரிடம் கொடுக்கலாம். அப்போது பார்சரின் காவல் கிடையாது. ஆகவே மரத்தையே தனியாகச் சோதிக்கிறார்கள்: அகராதி வடிவத்தில் சாவிகள் எத்தனையோ அத்தனை உள்வடிவங்கள் உண்டா, 'அல்லது' என்று வந்தால் குறைந்தது 2 தேர்வுகளாவது இருக்கின்றனவா, என்றெல்லாம். இந்தச் சோதனை இல்லாவிட்டால், இல்லாத கிளையைத் தேடிப்போய் பைத்தானே சுருண்டு விழக்கூடும். எங்கே தவறு என்று சொல்லக்கூட அப்போது ஆள் இராது.