முதலில் பாதத்தை அளப்போம், பிறகு காலணி வாங்குவோம்

ஒவ்வொரு கல்வியாண்டும் விலையில்லாக் காலணிக்காக மாணவர்களின் பாத அளவை எடுத்து எமிஸ் தளத்தில் பதிவு செய்கிறோம். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் குனிந்து அளந்து முடிப்பதற்குள் முதுகு வலித்துவிடும். ஆனால், நம் பாதத்தை நாம் எப்போதாவது அளந்திருக்கிறோமா? நாற்பத்து நான்கு வயது வரை நான் அளந்ததில்லை. பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க. பழகினதும் கொஞ்சம் கொஞ்சமா ஓடலாம்" என்றார் மருத்துவர். உடனே கடைக்குப் போனேன். செருப்புக்கு வழக்கமாகச் சொல்லும் ஆறாம் எண்ணையே சொன்னேன். போட்டுப் பார்த்தபோது இறுக்கமாகத் தெரியவில்லை, வாங்கிவிட்டேன். பள்ளி மைதானத்தில் ஒரு வாரம் நடையும் ஓட்டமுமாகப் போனது. ஒருநாள் காலுறையைக் கழற்றினால் சுண்டுவிரல் ஓரத்தில் இரத்தக் கறை. கொப்புளம் வந்ததும் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை. புண் ஆற ஐந்து வாரமாயிற்று. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதை அந்தப் புண்ணைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அதே மைதானத்தில் 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தினமும் காலணியைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஓடுவாள். ஏனென்று கேட்டேன். "ரெண்டு வருசத்துக்கு வரட்டும்னு அம்மா பெரிசா வாங்கிட்டாங்க டீச்சர். ஓடும்போது கால் உள்ளேயே நழுவுது" என்றாள். தாய்க்குப் பட்டாசு ஆலையில் கூலி வேலை. ஒரு ஜோடி காலணி என்பது அவருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. எனக்குக் குறுகல், அவளுக்குப் பெரிது. ஆனால் தவறு ஒன்றுதான். இருவருமே பாதத்தை அளக்காமல் காலணி வாங்கியிருக்கிறோம்.

எண் சொல்லாத அகலம்

நம் கடைகளில் வழங்கும் 5, 6, 7 என்ற எண்கள் ஆங்கிலேயர் கொண்டுவந்த பிரிட்டன் முறையைச் சேர்ந்தவை. பழைய வாற்கோதுமை மணி அளவுதான் இதற்கு அடிப்படை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. பெட்டியில் 38, 39 என்று இருந்தால் அது ஐரோப்பிய முறை. அதில் வேறுபாடு ஏறத்தாழ 6.7 மி.மீ. இரண்டுமே நீளத்தை மட்டும் சொல்கின்றன. நமக்குச் சிக்கல் அகலத்தில்தான்.

சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்று அதில் தெரிந்தது. இதன் அடிப்படையில், பாரத் என்ற பெயரின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்னும் இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டுள்ளது. அதில் கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள் உண்டு. அந்த முறை எல்லாக் கடைகளுக்கும் வந்து சேரும்வரை, அகலத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அகலம் போதவில்லை என்று ஓர் எண் கூட்டி வாங்கினால் நீளம் அதிகமாகிக் குதிகால் நழுவும்.

காலண்டர் தாள் போதும்

சிவகாசிக்காரர்களுக்குக் காலண்டர் தாளுக்குப் பஞ்சமில்லை. மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் எடை முழுவதும் இறங்கும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் அளவு குறையும். நடந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமே அளக்க ஏற்றது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, இன்னொருவரைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை நீளம். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருக்கும். விரல்கள் தொடங்கும் இடத்தில் அகலம். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதற்கு ஏற்ப வாங்குங்கள்.

வரைந்த தாளை வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். காலணியின் உள்தகட்டை வெளியே எடுத்து, அதன்மேல் தாளை வையுங்கள். தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் காலணி அல்ல. என் பழைய காலணியில் இருபுறமும் அரை செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் போல் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு, போட்டுப் பார்ப்பதைவிட இந்தத் தாளே நம்பகமான சாட்சி.

கடையில் கவனிக்க வேண்டியவை

• ஓடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.
• குதிகால் தூக்கக்கூடாது. கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.
• காலணியை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் அல்ல.
• நம் வெயிலுக்கு வலைத்துணி மேற்பகுதி நல்லது. அடிப்பாகம் முழுவதும் மெத்தென்ற நுரையாக இருந்தால் சீமைக் கருவேல முள் எளிதில் ஏறிவிடும். அடியில் ரப்பர் பட்டை வேண்டும்.
• பெண்களுக்கான காலணி குறுகலாக இருந்தால், அதே எண்ணில் ஆண்களுக்கானதைக் கேளுங்கள். பெரும்பாலும் அகலம் கூடுதலாக இருக்கும். நான் இப்போது அணிவது அதுதான்.

புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள் நல்ல காலணி கிடைக்கும். விலை கூடினால் காயம் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தினமும் அணியுமுன் உள்ளே தட்டிப் பாருங்கள்; நம் பக்கத்தில் தேளும் குடியிருக்கும், சிறு கல்லும் கிடக்கும். சர்க்கரை உள்ளவர்கள் கழற்றிய பிறகு பாதத்தையும் பார்க்க வேண்டும்.

வெறுங்காலில் ஓடினால் என்ன?

மாணவர்கள் கேட்பார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். கிடைத்த காலணி அவர் பாதத்துக்குப் பொருந்தவில்லை. 1964 டோக்கியோவில் காலணி அணிந்து, முன்பைவிடக் குறைந்த நேரத்தில் மீண்டும் வென்றார். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும் நம் மைதானத்தில் பொருந்திய காலணியே பாதுகாப்பு. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

வகுப்பறைக்கு

இதை நான் புள்ளியியல் பாடத்தில் செயல்பாடாகச் செய்தேன். மாணவர்கள் இருவர் இருவராகப் பாதத்தை வரைந்து அளந்தார்கள். சராசரியும் இடைநிலையும் கண்டார்கள். ஒரே நீளமுள்ள இரு பாதங்கள் அகலத்தில் வேறுபடுவதைப் பார்த்து வியந்தார்கள். வளரும் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இப்படி அளப்பது நல்லது.

அந்த மாணவி தன் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பெரிய காலணி அக்காவுக்குப் போயிற்று. தாயும் மகளும் தாளோடு கடைக்குப் போய் 900 ரூபாயில் ஒன்று வாங்கி வந்தார்கள். இப்போது மாலையில் அவள் மூன்று சுற்று ஓடுகிறாள். நான் ஒரு சுற்று ஓடி, இரண்டு சுற்று நடக்கிறேன். அடுத்த முறை பிள்ளைகளுக்கு அளவெடுக்கும்போது, உங்களுக்கும் ஒரு தாள் விரித்துக்கொள்ளுங்கள்.