தள்ளுபடியில் நிற்கும் மின்சாரக் கார்: எதற்காக விலை குறைகிறது?

புதிய மாடல் வரப்போகிறது என்ற சேதி பரவியதுமே காட்சிக்கூடத்தில் நிற்கும் பழைய மாடலின் விலை இறங்கும். பெட்ரோல் கார் வாங்கிப் பழகிய நமக்கு இது நல்ல சேதி. மைவியோ சாகாவோ, முகப்பு விளக்கும் பம்பரும் மாறுவதற்கு முன்பே வாங்கியவர் சில ஆயிரம் வெள்ளி மிச்சம் பிடித்தார். எஞ்சின் பெரும்பாலும் அதேதான். மின்சாரக் காருக்கும் இதே கணக்கைப் போடலாமா?

முதலில் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் கார்க் கடனை 9 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். மின்சாரக் கார் பேட்டரிக்கான உத்தரவாதமோ பெரும்பாலும் 8 ஆண்டுகள் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அது. முழுத் தவணைக்கு எடுத்தால் கடைசி 12 மாதங்கள் உத்தரவாதம் முடிந்த பேட்டரிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காரிலேயே விலை கூடிய பாகம் அதுதான். ஆகவே "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று விற்பனையாளரிடம் கேட்பதற்கு முன், "புதியதில் எது மாறியிருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

மாடல் மாறும்போது மாறுகிறவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பெரிய திரை, இருக்கைத் துணி, கண்ணாடிக் கூரை, புது நிறம் எல்லாம் ஒரு வகை. இவை இல்லாமலும் கார் அதே தூரம் ஓடும். சிலவற்றை மென்பொருள் புதுப்பிப்பாகப் பிறகும் பெறலாம். இன்னொரு வகை காரோடு கூடவே பிறப்பது: பேட்டரியின் வேதியியல், அதைக் குளிர்விக்கும் முறை, சார்ஜ் செருகும் துளையின் வகை, மின் அமைப்பின் வோல்ட் அளவு. இவற்றைப் பிறகு பட்டறையில் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. தள்ளுபடி எந்த வகைக்காகத் தரப்படுகிறது என்பதுதான் கேள்வி.

லீஃப் சொல்லும் கதை

நிசான் லீஃப் 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் 24 கிலோவாட் மணி பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. சூடு தானாக வெளியேற வேண்டும். மிதமான ஊர்களில் பெரிய பிரச்சினை எழவில்லை. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன மாநிலத்தில் இருந்து புகார்கள் வந்தன. பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்திருந்தது. ஓடும் தூரமும் கூடவே சுருங்கியது. கொள்ளளவு குறைந்தால் சரிசெய்து தருவதாக நிசான் பிறகு தனி உத்தரவாதம் அளித்தது. 2015 மாடலுக்கு வெப்பம் தாங்கும் வேதியியலுடன் புதிய பேட்டரி வந்தது. வெயில் காயும் பிராணியின் பெயரையே அதற்கு வைத்தார்கள், பல்லி பேட்டரி என்று.

இப்போது யோசியுங்கள். 2014-ஆம் ஆண்டு மாடலைத் தள்ளுபடியில் வாங்கியவருக்கும் சில மாதம் பொறுத்து 2015 மாடலை வாங்கியவருக்கும் வெளித்தோற்றத்தில் ஒரே கார்தான். உள்ளே இருந்த வேதியியல் மட்டும் வேறு.

இரண்டாம் தலைமுறை லீஃப் 2019 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தது. விலை 1 லட்சத்து 88 ஆயிரத்து 888 வெள்ளி, பேட்டரி 40 கிலோவாட் மணி. அப்போதும் திரவக் குளிரூட்டல் இல்லை. நீண்ட பயணத்தில் அடுத்தடுத்து வேகச் சார்ஜ் செய்தால் பேட்டரி சூடேறி, சார்ஜ் ஏறும் வேகத்தைக் கார் தானே குறைத்துக்கொண்டது. அதன் வேகச் சார்ஜ் துளை 'சாடெமோ' என்ற ஜப்பானிய வகை. நம் நாட்டு வேகச் சார்ஜர்களோ பெரும்பாலும் 'சி.சி.எஸ். 2' என்ற ஐரோப்பிய வகைக்குப் போய்விட்டன. 2025 ஜூனில் அறிமுகமான மூன்றாம் தலைமுறை லீஃபில் திரவக் குளிரூட்டல் வந்தது. ஐரோப்பாவுக்கான வண்டியில் சாடெமோ போய் சி.சி.எஸ். வந்தது. பிறவியிலேயே வரும் அம்சங்களில் இரண்டு ஒரே சமயத்தில் மாறின. இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முந்தைய வண்டியில் தள்ளுபடி பெரியதாக இருந்தாலும் அது சும்மா கிடைப்பதில்லை.

இதற்கு எதிர்முனை டெஸ்லா மாடல் ஒய். 2025 ஜனவரியில் அதன் முகமும் பின்புறமும் மாறின. உள்ளே சத்தம் குறைந்தது, சஸ்பென்ஷன் மென்மையானது. ஆனால் சார்ஜ் துளையும் 400 வோல்ட் அமைப்பும் அப்படியே இருந்தன. அத்தகைய பழைய மாடலில் நல்ல விலை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இல்லாவிட்டாலும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது என் கருத்து.

வெப்பத்தில் என்ன நடக்கிறது?

லித்தியம் பேட்டரிக்குள் கிராஃபைட் மின்வாயின் மீது ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் சுண்ணாம்பு படிவதுபோல அது மெதுவாகத் தடிக்கும். தடிக்கத் தடிக்க, மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி அதில் சிக்கிக்கொண்டு வேலைக்கு வராமல் போகிறது. கொள்ளளவு குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு பொது விதி. பினாங்கில் அரிசோனாவின் 40 டிகிரி கிடையாது. ஆனால் அங்கே உள்ள குளிர்காலமும் நமக்குக் கிடையாது. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி. இரவிலும் பேட்டரிக்குப் பெரிய ஓய்வு இல்லை.

இந்தப் படலம் கார் ஓடாமல் நின்றாலும் வளரும். முழுச் சார்ஜில், வெயிலில் நின்றால் இன்னும் வேகமாக வளரும். பழைய மாடலின் இருப்பு வண்டிகள் பல மாதங்கள் திறந்தவெளிக் கிடங்கில் நின்றிருக்கலாம். மீட்டரில் 20 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், பேட்டரிக்கோ ஒன்றரை வயது ஆகியிருக்கும். பயப்படும் அளவுக்கு இழப்பு இருக்காது. ஆனால் பேரம் பேசும்போது அது உங்கள் பக்கத்து வாதம்.

வேதியியலிலும் இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த பேட்டரி எடை குறைவு, தூரம் அதிகம். ஆனால் அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது அதற்கு நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சற்றுக் கனம், ஆனால் முழுச் சார்ஜையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். நம் ஊரில் நிறைய விற்கும் பி.ஒய்.டி. அட்டோ 3, புரோட்டோன் இ.மாஸ் 7 இரண்டிலும் இருப்பது பாஸ்பேட்தான். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது கிலோவாட் மணியை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

அட்டோ 3 மலேசியாவுக்கு வந்தபோது வீட்டுச் சார்ஜரிலிருந்து 7 கிலோவாட் வரை வாங்கியது. இ.மாஸ் 7 வாங்குவது 11 கிலோவாட். புதிய கார் வேகமாக ஏறும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான், உங்கள் வீட்டில் மும்முனை மின்சாரம் இருந்தால். ஒருமுனை இணைப்புள்ள தரை வீட்டில் 11 கிலோவாட் காரும் ஏழு கிலோவாட்டைச் சுற்றித்தான் வாங்கும். 50 கிலோவாட் மணி பேட்டரியை 20-லிருந்து 80 விழுக்காடாக்க ஏழு கிலோவாட்டில் நாலரை மணி நேரம் போதும். நீங்கள் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். இந்த மேம்பாட்டுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ அடுக்குமாடியில் குடியிருந்து, வாகன நிறுத்துமிடத்தில் சார்ஜர் இல்லாதவருக்குக் கணக்கு தலைகீழ். அவர் பொது வேகச் சார்ஜரை நம்பியே வாழ வேண்டும். வேகச் சார்ஜ் அதிகபட்சம் எத்தனை கிலோவாட், பேட்டரி சூடானாலும் அது நிலைக்குமா என்பவைதான் அவருடைய வாராந்தர நேரத்தைத் தீர்மானிக்கும். அவர் பழைய மாடலில் மிச்சம் பிடிப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

கோலாலம்பூர் பயணத்தையும் போட்டுப் பார்ப்போம். ஜார்ஜ்டவுனிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் நடுத்தர அளவு கார் 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட் மணி செலவழிப்பதாக வையுங்கள். பேட்டரியில் 10 விழுக்காட்டை இருப்பாக விட்டால் 50 கிலோவாட் மணி கார் 250 கிலோமீட்டர் ஓடும், அதாவது சிலிம் ரிவர் பக்கம். 60 கிலோவாட் மணி கார் 300 கிலோமீட்டர் ஓடி, தஞ்சோங் மாலிமைத் தாண்டிவிடும். எப்படியும் இரண்டுமே வழியில் ஒருமுறை நிற்கத்தான் வேண்டும். பெரிய பேட்டரி என்பதற்காக மட்டும் புதிய மாடலுக்குத் தாவ நினைத்தால், இந்தப் பாதையில் உங்களுக்குக் கிடைப்பது தேநீர் குடிக்கும் இடத்தில் ஒரு மாற்றம்தான்.

விளம்பரத் தாளில் ஒரு பொறி

பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது தூரம் எந்தச் சோதனையில் அளக்கப்பட்டது என்று பாருங்கள். என்.இ.டி.சி. பழைய, தாராளமான சோதனை. டபிள்யூ.எல்.டி.பி. சற்றுக் கறாரானது. பெரிய பேட்டரி அட்டோ 3-க்கு முதல் சோதனையில் 480 கிலோமீட்டர், இரண்டாவதில் 420. கார் ஒன்றுதான், எண் இரண்டு. 2025 டிசம்பர் 1-இல் வந்த பெரோடுவா கியூ.வி-இ 445 கிலோமீட்டர் ஓடும் என்பது என்.இ.டி.சி. கணக்கு. இ.மாஸ் 7 பெரிய பேட்டரி வகைக்குச் சொல்லப்படும் 410 கிலோமீட்டர் டபிள்யூ.எல்.டி.பி. கணக்கு. 445 பெரிது, 410 சிறிது என்று முடிவுகட்டினால் தவறிவிடுவீர்கள்.

பழைய மாடலின் விலையைத் தீர்மானிப்பது அந்தக் கார் அல்ல, அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் புதிய கார். 2022 டிசம்பரில் சிறிய பேட்டரி அட்டோ 3-இன் விலை 1 லட்சத்து 49 ஆயிரத்து 800 வெள்ளி; பேட்டரி 49.92 கிலோவாட் மணி. தூரம் 345 கிலோமீட்டர். இரண்டே ஆண்டு கழித்து 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 வந்தது. அதன் சிறிய வகையில் பேட்டரி 49.52 கிலோவாட் மணி, தூரம் அதே சோதனையில் அதே 345 கிலோமீட்டர். அறிமுகச் சலுகை விலை 1 லட்சத்து 5 ஆயிரத்து 800 வெள்ளி. பேட்டரியின் உற்பத்திச் செலவு ஆண்டுக்காண்டு இறங்குவது இதற்கு ஒரு காரணம். 2024-இல் மட்டும் உலகச் சராசரி விலை சுமார் 20 விழுக்காடு இறங்கியது. ஆகவே அசல் விலையோடு ஒப்பிட்டு "30 ஆயிரம் தள்ளுபடி" என்று சொன்னால் மயங்காதீர்கள். இன்று அதே பேட்டரி, அதே தூரம் தரும் புதிய கார் என்ன விலை என்று பார்த்து, அதிலிருந்து கீழே இறங்குங்கள்.

இதில் வரியும் குறுக்கிடுகிறது. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி வரி, கலால் வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு 2027 இறுதிவரை உண்டு. விலக்குக் காலத்தில் வந்த பழைய இருப்பு, வரி கட்டி வரும் புதிய மாடலைவிட மலிவாக இருந்தால் அந்த வித்தியாசம் நிஜமானது.

பேட்டரி மூப்பின் கவலையை வேறு தோளில் ஏற்றும் வழியும் ஒன்று வந்திருக்கிறது. கியூ.வி-இ அறிமுகமானபோது கார் மட்டும் 80 ஆயிரம் வெள்ளி, பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை. 9 ஆண்டுகளுக்கு 29 ஆயிரத்து 700 வெள்ளி ஆகிறது. இது மலிவா என்பது வேறு விவாதம். ஆனால் தேய்கிற பாகத்தைத் தேயாத பாகத்திலிருந்து பிரித்து விலை போட்டிருக்கிறார்கள்.

ஒரு மாடலுக்கு அடுத்தது வருவது வேறு, தயாரிப்பாளரே தடுமாறுவது வேறு. நெட்டா வி என்ற சிறிய மின்சாரக் கார் 2023-இல் மலேசியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் தாய் நிறுவனமான ஹோசான் 2025 ஜூனில் சீனாவில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. எட்டு ஆண்டு உத்தரவாதம் என்று தாளில் இருந்தாலும் அதை நிறைவேற்ற எட்டு ஆண்டும் ஒருவர் இருக்க வேண்டும். வாங்கும் முன் உத்தரவாதத்தைத் தருவது உள்ளூர் விநியோகிப்பாளரா, வெளிநாட்டுத் தயாரிப்பாளரா என்று எழுத்தில் கேளுங்கள். உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பேட்டரியின் ஆரோக்கிய அளவை சேவை மையக் கருவியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிய காருக்கு எதற்கு என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. வாகனப் பதிவுச் சான்றிதழில் 'தாஹுன் டிபுவாட்' என்ற இடத்தில் தயாரிப்பு ஆண்டு இருக்கும்; பதிவு ஆண்டோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார். அது கையில் கிடைக்காவிட்டால் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2324 என்றிருந்தால் அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கார் அதற்குச் சில வாரங்கள் பிந்தையதாக இருக்கும்.