காற்றுத் துப்பாக்கியும் ரவை ஏற்றுங் குழலும்

சேலம், நாமக்கல் சமவெளிகளிலே சோளமும் கம்பும் கதிர் முற்றும் பருவத்திற் பரண்மேல் நின்று பறவை கடிதல் நெடுநாள் வழக்கம். மலைநிலத்துத் தினைப்புனங் காத்தோர் தட்டையும் கவணும் கொண்டு கிளியோட்டிய செய்தி நம் பழந்தமிழ் நூல்களிற் பரக்கக் காணப்படும். கவணெறிவோன் ஒவ்வொரு முறையும் கல்லைத் தேடிக்கொண்டிருப்பானாயின், அதற்குள் கிளிக்கூட்டம் கதிரைக் கொய்து சென்றுவிடும். ஆதலின் ஒத்த அளவுள்ள கற்களை முன்னரே பொறுக்கி மடியிற் கட்டிக்கொண்டு பரணேறுதலே அறிவுடைமை. கருவி எதுவாயினும், அதற்குரிய பொருளைக் கைக்கெட்டுமாறு ஒழுங்குபடுத்தி வைத்தல் தொழிலிற் பாதி என்பது இதனாற் புலனாகும். இவ்வுண்மையைக் காற்றுத் துப்பாக்கியின்பால் வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. சுருள்வில்லின் விசையால் அழுத்தப்பட்ட காற்றோ, சிறு கலத்தில் முன்னரே அடைத்து வைத்த காற்றோ ரவையை உந்தித் தள்ளுகின்றது. பெருவழக்காயுள்ள ரவை 4.5 மில்லிமீட்டர் அளவினது, ஈயத்தாலாயது. அதன் தலை திரண்டும், இடை சுருங்கியும், பின்புறம் பாவாடைபோல் விரிந்து உட்குழிந்தும் இருக்கும். காற்று பின்னின்று தாக்குங்கால் அம்மெல்லிய விளிம்பு விரிந்து குழலின் உட்சுவரைக் கவ்விக்கொள்ளும். குழலின் உள்ளே வெட்டப்பட்ட புரிகள் ரவையைச் சுழலச் செய்து நேரே செலுத்தும். விளிம்பு சிறிது நசுங்கினும் காற்று ஒருபுறமாகக் கசிந்து, ரவை குறி தவறிப் போகும். எனவே ரவையை ஏற்றும் முறையிலேயே குறியின் செம்மை பெரிதும் அடங்கியுள்ளது என்க.

சில துப்பாக்கிகளில் ஒரு முறைக்கு ஒரு ரவையே இடலாம். வேறு சிலவற்றில் மாகஸீன் என்னும் ரவைக்கூடு உண்டு. அது பெரும்பாலும் விளிம்பைச் சுற்றிப் பல துளைகள் உடைய சிறு வட்டு. ஒரு முறை சுட்டதும் அடுத்த துளை குழலுக்கு நேரே வந்து நிற்கும். இவ்வட்டில் ரவைகளை விரலால் ஒவ்வொன்றாக இடுதல் எளிதன்று. சிறு ரவை விரலினின்றும் நழுவும், தலைமாறிப் புகும், நகம் பட்டு விளிம்பு கோணும். இக்குறைகளை நீக்குதற்கே ஏற்றுகருவி வேண்டப்படுகின்றது.

இது புதிய எண்ணமன்று. 1780-ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரிய நாட்டுப் படையினர்க்கு ஜிரார்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கி வழங்கப்பட்டது. அதன் குழலோரத்தே இருபது குண்டுகளுக்குமேற் கொள்ளும் நீண்ட கூடு ஒன்று இருந்தது. துப்பாக்கியின் வாயை மேனோக்கி உயர்த்தி, குறுக்குக் கட்டை ஒன்றைப் பெருவிரலால் தள்ளினால், ஒரு குண்டு தன் எடையாலேயே உரிய இடத்தில் வந்தமரும். கூடு காலியானால் ஒவ்வொரு குண்டாக எண்ணி இடுவதற்குப் போர்க்களத்தில் அவகாசம் ஏது? ஆகவே குண்டுகள் நிரப்பிய தகரக் குழாய்கள் சிலவற்றை வீரன் உடன் கொண்டுசெல்வான். ஒன்றைக் கவிழ்த்தால் கூடு முழுதும் நிரம்பிவிடும். ஏருக்குப் பின்னே மூங்கிற் குழாய் கட்டி விதை விடும் நம் உழவரின் உபாயமும் இதனை ஒத்ததே. 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்றிசையை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் என்போரும் காற்றுத் துப்பாக்கி ஒன்றை உடன் கொண்டுசென்றனர்.

இனி, வீட்டிலேயே இக்கருவியை அமைக்குமாறு கூறுவோம். நாமக்கல்லில் லாரிக்கூடு கட்டும் பட்டறைகளும், இரு நகரங்களிலும் கடைசற் பட்டறைகளும் உளவாதலின், துண்டுப் பித்தளைக்குக் குறைவில்லை. ரவை தடையின்றி வழுக்கிச் செல்லுமளவு உள்வாய் கொண்ட பித்தளைக் குழலோ, பழைய எழுதுகோலின் கூடோ ஒன்று கொள்க. அதன் நுனியில் மெல்லிய ரப்பர்க் குழாயிற் சிறு துண்டைச் செருகுக. ரவை தானே விழாமலும், தள்ளினால் தடுக்காமலும் அது பிடித்துக்கொள்ளும். குழலின் பக்கத்தே நீளப் பிளவு ஒன்று இருத்தல் நன்று. தலைமாறிய ரவை கண்ணுக்குப் புலப்படும். ரவைகளை எல்லாம் தலை முன்னாக நிரப்பி, பின்னிருந்து மெல்லிய மரக்கோலால் தள்ளினால், ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு ரவை வட்டின் துளையிற் புகும். உடனே குழலை நேராக மேலே எடுத்தல் வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் விளிம்பு கெடும்.

பின்னர் வேறொரு கோலால் ரவையை ஒரே ஆழத்தில் அமர்த்துக. அக்கோலின் முனை திரண்டிருப்பின், பாவாடையின் உட்குழிவிற் பொருந்தி விளிம்பைக் கெடாது தள்ளும். கோலில் ஒரு வளையம் பொருத்தினால் வேண்டிய ஆழத்துக்கு அப்பாற் செல்லாது. ஈயம் மென்மையானது, ஆதலின் கோல் மரமாகவோ பித்தளையாகவோ இருத்தல் வேண்டும். இவ்வளவும் வட்டைத் துப்பாக்கியினின்றும் கழற்றி மேசைமேல் வைத்தே செய்யத்தக்கன.

விரைவு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அவ்வினா தக்கதே. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் பெற்ற பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில், ஒரு முறைக்கு ஒரு ரவையே இடுவர். இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டரே. ஆண்டு விரைந்து சுடுதற்கு இடமில்லை. ஆகவே ஏற்றுகுழலின் பெரும்பயன் விரைந்து சுடுதலன்று. ரவை கெடாமை, எண்ணிக்கை தவறாமை, கை தூய்மையாதல் என்னும் மூன்றுமே அதன் பயன்.

கையின் தூய்மை சிறு செய்தியன்று. ஈயம் உடலிற் சிறிது சிறிதாகச் சேர்ந்து நஞ்சாகும்; இளஞ்சிறார்க்கு அதனால் விளையுங் கேடு பெரிது. ரவையை வாயில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்திடும் பழக்கம் அறவே ஒழியத்தக்கது. சுட்டபின் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே உணவு கொள்ளல் வேண்டும். கண் ஒருமுறை கெட்டாற் பெறலரிது. ஆகலின் கண்ணாடி அணிதலும், இலக்கின் பின்னே மண்மேடு அமைத்தலும் இன்றியமையாதன. உயிரில்லா இலக்கையே சுடுக. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலும் கிளியும் போன்ற பறவைகளை வேட்டையாடுதலைத் தடுத்துள்ளது. முன்னோர் கவணோசையாற் கிளியை ஓட்டினர். வயல் காத்தற்கு இன்றும் ஓசையே போதும். துப்பாக்கி பயில்வோனோ தகரத் துண்டையும் தாளிலக்கையும் வைத்துக்கொண்டு, ரவை பத்தையும் எண்ணி ஏற்றி, பத்தும் ஒரே வட்டத்துட் சென்றனவா என நோக்குவானாயின், அவன் கண்ணும் கையும் பொறுமையும் ஒருங்கே வளரும்.