பைனஸ் விதையும் ஒரு பிடி மண்ணும்

இலங்கையின் இயற்கைக் காடுகளில் ஊசியிலை மரம் ஒன்றுகூடக் கிடையாது. அப்புத்தளையில் இருப்பவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. தேயிலைக்கு மேலே, பண்டாரவளை, வெலிமடைப் பக்கச் சரிவுகளில் எங்கு பார்த்தாலும் பைனஸ்தானே! அந்த மரம் மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கரிபியன் பைன். மானாப்புல் மண்டிய வெறும் சரிவுகளைப் பச்சையாக்க 1970களிலும் 80களிலும் வனத் திணைக்களம் பெருமளவில் நட்டது.

விதை முளைப்பதில் பெரிய வித்தை இல்லை. காய் பழுப்பேறியதும், செதில் விரியுமுன் பறித்துவிட வேண்டும். பிந்தினால் சிறகுள்ள விதை காற்றோடு போய்விடும். வெயிலில் காயவைத்தால் காய் தானே விரியும். சிறகைத் தேய்த்து நீக்கி, ஓரிரவு ஊறவைத்து, மணல் கலந்த பாத்தியில் விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் மூடினால் இரண்டு மூன்று வாரத்தில் விதைத்தோலைத் தொப்பிபோல் சுமந்துகொண்டு முளை எழும். தவறணையில் பயப்பட வேண்டியது அப்போதுதான். தண்ணீர் கூடினால் தண்டின் அடி அழுகிப் பாத்தியோடு சாய்ந்துவிடும்.

அதைத் தாண்டியும் நாற்று மஞ்சளித்து நின்றால் குறை மண்ணில் இருக்கிறது. பைனஸ் வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பங்கசுதான் மண்ணிலுள்ள பொசுபரசை மரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறது. கூலியாகச் சர்க்கரை பெறுகிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் பல ஆண்டுகள் பைன் நாற்றுகள் தேறவேயில்லை. 1955இல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே அவை நிமிர்ந்தன. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், பழைய பைனஸ் மரத்தடி மேல்மண் ஒரு பிடி போதும்.

வளர்க்கத் தெரிவது வேறு, எங்கே வளர்ப்பது என்பது வேறு. ஊவாவில் கச்சான் காற்று காய்ச்சும் மாதங்களில், உதிர்ந்து கிடக்கும் ஊசிகளில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும். ஊற்று வற்றுகிறது என்பதும் கிராமத்தவரின் பழைய முறைப்பாடு. அதற்காக எல்லாவற்றையும் வெட்டித் தள்ளச் சொல்வதும் அவசரப் புத்திதான். சிங்கராஜ வன ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்கவும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் பைனஸ் வரிசைகளை இடைவிட்டு அகற்றி, காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் செழித்தன. அந்த மழைக்காட்டு மரங்கள் ஊவா வறட்சிக்குப் பொருந்தா. முறை பொருந்தும் என்பதே என் எண்ணம்.

ஆசைக்கு வாசலில் ஒரு பைனஸ் வளருங்கள். மலைக்கு நாற்று விடுவதானால், ஊவாச் சரிவுகளின் சொந்தப் பிள்ளைகளான நெல்லி, கடுக்காய், தான்றி விதைகளைச் சேகரியுங்கள்.