உங்களுக்குத் தெரியுமா? டொலுவீனிலும் பெருகும் பாக்டீரியா

பெயின்ட் தின்னரில் சேரும் டொலுவீன் என்னும் கரிமக் கரைப்பான், 0.1 சதவீத அளவில் இருந்தாலே பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். செல்லைச் சூழ்ந்த கொழுப்புப் படலமான செல்சவ்வுக்குள் அது புகுந்து கட்டுக்கோப்பைக் குலைப்பதால், உள்ளிருக்கும் அயனிகளும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் வெளியே கசிந்துவிடுகின்றன. ஆயினும், பாதிக்குப் பாதி டொலுவீன் கலந்த வளர்ப்பு ஊடகத்திலும் பெருகும் சூடோமோனாஸ் பூட்டிடா வகை ஒன்றை, 1989இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் இனூயேவும் ஹொரிகோஷியும் அறிவித்தனர். நுண்ணுயிரியலில் இது உண்மையிலேயே பெரும் வியப்பு. இத்தகைய பாக்டீரியாக்கள், சவ்விலுள்ள வளைந்த ‘சிஸ்’ கொழுப்பு அமிலங்களைச் சில நிமிடங்களிலேயே நேரான ‘டிரான்ஸ்’ வடிவுக்கு மாற்றிச் சவ்வை இறுக்கிக்கொள்கின்றன. அதனினும் முதன்மையானவை, உட்புகும் கரைப்பானை ஓயாது வெளியே இறைக்கும் புரத எக்கிகள். அவற்றுள் சில, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் அவ்வாறே வெளியேற்றிவிடுகின்றன.