விதை பிடித்தது எப்படி?

1820களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கழிமுகச் சேற்றில் ஒரு வட அமெரிக்கப் புல் பதிவானது: ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃபுளோரா. கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிய மண்ணோடு வந்திருக்க வேண்டும். உள்ளூர் ஸ்பார்ட்டினாவுடன் அது கலந்தது. 1870இல் கண்டெடுத்த கலப்புப் புல்லோ மலடு. ஏன்? இரு பெற்றோரின் குரோமோசோம்களும் சரியாக ஜோடி சேராததால் நல்ல மகரந்தமோ விதையோ உருவாகவில்லை.

பிறகு நடந்ததுதான் அதிசயம். 1890 வாக்கில் குரோமோசோம் தொகுதியே இரட்டித்தது. ஒவ்வொன்றுக்கும் அதன் நகலே ஜோடி! விதை பிடித்தது, ஸ்பார்ட்டினா ஆங்லிக்கா என்ற புதிய இனம் உருவானது.

வண்டலைத் தடுத்துத் தேக்கிச் சேற்றை மேடாக்கும் இந்தப் புல்லைக் கரை காக்கப் பல நாடுகளில் நட்டார்கள். அது தவறான முடிவு. கரைப்பறவைகள் இரைதேடும் வெற்றுச் சேற்றுவெளிகளைப் புல் மூடியது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இன்று அதுவும் உண்டு.