கிட்டாரின் சுருதி எங்கே நழுவுகிறது?

சுருதி சேர்த்து இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் ஜி கம்பி இறங்கிவிடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல் இது. உடனே பழி விழுவது ட்யூனிங் கீயின் மேல்தான். நானும் ஒருமுறை பழைய கீக்களைக் கழற்றிவிட்டுப் புது செட் மாட்டினேன். அடுத்த வாரமும் அதே ஜி, அதே இறக்கம்.

கீயின் உள்ளே ஒரு சிறு திருகும் அதோடு பொருந்திய பல்சக்கரமும் இருக்கின்றன. திருகு சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. அதனால் கம்பி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னால் சுற்றுவதில்லை. வெறும் உராய்வில் நிற்கும் வீணைப் பிரடை வழுக்கலாம், கிட்டார் கீ அந்த ரகம் இல்லை. பற்களுக்கு இடையே கொஞ்சம் தளர்வு மட்டும் உண்டு. ஆகவே சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிவர வேண்டும்.

அப்படியானால் கோளாறு எங்கே? கம்பி புதிதென்றால் முதலில் அதையே சந்தேகிக்கலாம். மாட்டியதும் சுருதி சேர்த்து, பன்னிரண்டாவது ஃப்ரெட் அருகே பிடித்து மெதுவாக ஓர் அங்குலம் தூக்கி இழுங்கள். இறங்கியிருக்கும். மறுபடி சேர்த்து, மறுபடி இழுங்கள். நாலைந்து முறையில் இறங்குவது நின்றுவிடும். கீயின் தண்டில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி வர வேண்டும். ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்தால் அத்தனை சுற்றும் மெல்ல மெல்ல இறுகும். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் சுருதி கொஞ்சம் இறங்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நழுவுகிறதென்றால், பத்துக்கு எட்டு முறை குற்றவாளி நட் என்பது என் அனுபவம். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், ஆறு பள்ளங்களோடு எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும் அந்தச் சின்னத் துண்டுதான். பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். கம்பியை வளைத்து வாசிக்கும்போது தலைப்பக்கத்துக் கம்பி கொஞ்சம் இந்தப் பக்கம் இழுபடுகிறது. விட்ட பிறகு திரும்பிப் போக முடிவதில்லை, சுருதி இறங்கி நிற்கிறது. பிரிட்ஜை அசைக்கும் டிரெமோலோ கைப்பிடியை அமுக்கினால் நேர் எதிர்: கம்பி தலைப்பக்கம் நகர்ந்து அங்கேயே மாட்டிக்கொள்வதால் சுருதி ஏறி நிற்கும். வளைத்தால் இறக்கம், அமுக்கினால் ஏற்றம் என்றால் நட்தான் என்று தயங்காமல் சொல்லலாம். இன்னும் எளிய சோதனையும் உண்டு. வளைத்து வாசித்து இறங்கிய கம்பியை, நட்டுக்கும் கீக்கும் நடுவே விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி மேலே திரும்பினால் சிக்கல் அங்கேதான். கீயைத் திருகும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவுவதும் அதே அடையாளம்.

கிப்சன் லெஸ் பால் வைத்திருப்பவர்களுக்கு ஜி கம்பி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. அதன் தலை பின்னோக்கிச் சாய்ந்தது. பக்கத்துக்கு மூன்று கீ. நடுவிலுள்ள டி, ஜி இரண்டும் தூரத்துக் கீக்களை எட்ட, நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் நன்றாகத் திரும்ப வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கீயும் ஒரே வரிசை, கம்பி நேராகப் போகிறது.

மருந்து மலிவு. கம்பியைத் தளர்த்தி ஒதுக்கி, 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள். கிராஃபைட் தூள் வழுவழுப்பைத் தரும். 9 அளவுக் கம்பியிலிருந்து தடித்த 10க்கு மாறியவர்களுக்குப் பள்ளமே போதாமல் இருக்கலாம். பழைய கம்பித் துண்டில் மிக நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றி, பக்கச் சுவரை மட்டும் லேசாகத் தேய்க்கலாம். அடியைத் தொடாதீர்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும். பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும். கை நடுங்கினால் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவது மேல்.

டிரெமோலோ தனிக்கதை. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்த அமைப்பில், 9-42 செட்டின் ஏறக்குறைய 38 கிலோ இழுவையைப் பின்பக்கச் சுருள்வில்கள் எதிர்த்து நிற்கின்றன. ஒரு கம்பியைத் திருகினாலே மற்ற ஐந்தும் அசையும். ஒன்று அறுந்தால் மீதி எல்லாம் மேலே ஏறும். அதனால் ஆறையும் இரண்டு மூன்று சுற்று திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். டிரெமோலோவே தொடாதவர்கள் வில்லை இறுக்கி பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடலாம். எரிக் கிளாப்டன் மரக்கட்டை செருகியே அதை அசையாமல் வைத்திருந்தார்.

ஏசி அறையில் சேர்த்துவிட்டு மேடை விளக்கின் சூட்டுக்குப் போனால் எஃகு விரிந்து சுருதி இறங்குவதைத் தடுக்க வழியில்லை. மேடையில் கால் மணி நேரம் கிட்டாரை வைத்துவிட்டுச் சேருங்கள். திறந்த கம்பி சரியாக இருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மட்டும் அபசுரம் கேட்டால் அது நழுவல் அல்ல, பிரிட்ஜில் கம்பி நீளத்தைச் சரிசெய்ய வேண்டிய வேறு வேலை.

பென்சில் தேய்த்து, சுற்றைச் சரிபார்த்து, புதுக் கம்பியும் போட்ட பிறகும் ஜி இறங்கினால், அப்போது புதுக் கீ வாங்குங்கள்.